ஸ்டேஷன் ரோட்டுத் தூங்குமூஞ்சி மரம்

என்னைத் தோளில் ஏற்றிவிட்ட மச்சான் வேலுவுக்கு,

நீ போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி. உன் தங்கச்சி சுகம். என் தொப்பை அவளைவிடச் சுகம்.

நீ பார்க்காத மருமகள் ஒருத்தி இருக்கிறாள், என் மகள் செல்வி. வயது பதின்மூன்று. மாத்தளை டவுனில் பார்க்க வேண்டிய பெரிய மரங்களை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் பள்ளிக்கூடத்தில். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், "படத்துக்குப் போவோம் மாப்புள" என்று ஆசை காட்டி, நீ என்னை மரம் மரமாக இழுத்துத் திரிந்தாயே, நினைவிருக்கிறதா?

கோயிலடி ஆலமரம், புத்த விகாரை அரசமரம், மேட்டுக் காட்டு மகோகனி எல்லாம் காட்டினேன். கட்டிப்பிடித்து அளக்கச் சொன்னாள். கைக்கு முன்னால் என் வயிறு போய் மரத்தில் முட்டியது.

"ஸ்டேஷன் ரோட்டுல பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்காமே அப்பா. அந்தப் பக்கம் மட்டும் ஏன் எப்பவும் சுத்திப் போறீங்க?"

வெயில் என்று சமாளித்தேன் மச்சான்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில், தமிழர்களைத் தேடி வந்த கூட்டம் துரத்த, அந்த மரத்தடிக்குத்தான் ஓடி வந்தோம். தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரங்களுக்குக் கொப்பு வெட்டுகிற ஆள் நீ. ஏறத் தெரியாதவனை முதலில் தோளில் ஏற்றி அனுப்புவது உங்கள் வழக்கம். தெரிந்தவன் கடைசி. கட்டிப்பிடிக்க முடியாத பருத்த மரம் என்றால், மேலே போனவன் அவனுக்குக் கை கொடுக்க வேண்டும்.

"ஏறு மாப்புள, அரிசி மூட்ட மாதிரி கனக்குற." அந்த நேரத்திலும் உனக்குக் கிண்டல். ஏறிவிட்டேன்.

"கையக் குடு" என்றாய்.

நான் கொப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தேன். மறுபடி கேட்டாய். விடவில்லை. நீ ஓடினாய். தெரு முனையில் உன் சத்தம் நின்றது. இலைகளுக்குள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலேயே பிரிந்துவிட்டோம் என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். இன்றைக்கும் சோறு போட்டபடியே கேட்கிறாள், "எங்க அண்ணன் கடைசியா என்ன சொன்னிச்சு?"

"ஒண்ணும் சொல்லல" என்பேன்.

நேற்று மகளை அங்கே கூட்டிப்போனேன். மரம் இன்னும் பருத்திருக்கிறது. காற்று இல்லை. என் தலைக்கு மேல் ஒரே ஒரு கொப்பு மட்டும், யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் தாழ்ந்து ஆடியது. நீயா மச்சான்?

"இதுல ஏற முடியுமா அப்பா?"

"முடியும். தூக்கி விட ஆள் வேணும்."

"உங்கள யாரு தூக்கி விட்டது?"

"உன் மாமா."

"அப்ப மாமாவ?"

அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

வருகிற பௌர்ணமிக்கு, போயா லீவில், உன் தங்கச்சியை அந்த மரத்தடிக்குக் கூட்டிவருவேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன்; அதில் வருமுன் என் வாயாலேயே சொல்வேன். அப்புறம் என்னோடு பேசுவாளா, தெரியாது. நீ இரண்டு தடவை கேட்டாய் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் உன் தங்கச்சி புருஷன்,
செல்லையா