மஞ்சளும் பச்சையும் போதும் என்றாள் திவ்யா

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில். மாசி கூடப் பிறக்கவில்லை, அதற்குள் மலைப்பாறை சூடு ஏறுகிறது. மார்க்கெட் கமிட்டி வாசலிலிருந்து கூட்ரோடு வரை நெல் லாரி வரிசை. ஸ்கூல் வேன் நகரவே இல்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளில் பாதிப் பேர் பிரேயருக்கு அப்புறம்தான் வந்தார்கள்.

தம்பி பிரபு வீட்டு வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அலங்காரம் என் தலையில். ஆண்டு விழா மேடையெல்லாம் நான்தான் கட்டுகிறேன், அதனால் இதுவும். சந்தோஷம்தான். பிரபு மனைவி திவ்யாவுக்கு (இனி தி. போதும், கை வலிக்கிறது) இது தலைப்பிள்ளை. பி.பார்ம் படித்தவள், வல்லத்தில் மருந்துக்கடை வேலை. எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை. இதில் மட்டும் கேட்டாள். நீலம் வேண்டாம், ரோஸ் வேண்டாம். ஆணா பெண்ணா என்று ஓட்டுப்போடுகிற போர்டு வேண்டாம். கிரீடம் வைத்த படம் எதுவும் வேண்டாம். மஞ்சளும் பச்சையும் போதும். "குழந்தையே வருக" என்று ஒரே ஒரு வரி.

வருக. இதில் அவனும் இல்லை, அவளும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. தமிழில் குழந்தை அழுகிறது, சிரிக்கிறது, தூங்குகிறது. மொழிக்கு இருக்கிற அறிவு மனுஷருக்கு இருந்தால் தேவலை.

வாங்க வேண்டியது: மஞ்சள் காடாத்துணி, சாமந்தி, மாவிலை, குருத்தோலை, சணல் கயிறு, குண்டூசி. என் சின்னவள் மகிழுக்குக் கணக்கு நோட்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

டெகரேஷன் கடைக்காரரிடம் போனேன். பாதி நீலம் பாதி ரோஸ் என்று செட் தயாராக வைத்திருக்கிறார். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். மஞ்சள் மட்டும் போட்டால் மஞ்சத்தண்ணி பங்ஷன் என்று நினைத்துக்கொள்வார்களாம். பரவாயில்லை, நினைக்கட்டும் என்றேன். பந்தலும் நாற்காலியும் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மற்றது என் கை வேலை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். பிரபுவோடுதான் இருக்கிறாள். வீட்டு அதிகாரம் முழுக்க அவள்தான். நைனா பேப்பருக்குப் பின்னால். மஞ்சள், பச்சை எல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அது கெடக்கட்டும், சிங்கக்குட்டி வரப்போவுது, ஜோரா இருக்கணும்" என்றாள். என் பெரியவள் யாழினி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு, எல்லாம் புரிகிற வயசு. என் இரண்டும் பெண். அவை பிறந்தபோது அம்மா எந்த மிருகத்தின் பேரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கோபம். எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

பஜாரில் பிளெக்ஸ் கடை வழியாக வந்தேன். கடைப் பையன் கூப்பிட்டு, அக்கா, உங்க அம்மா ஆர்டர் ரெடி என்றான். என்ன ஆர்டர்? ஆறடிக்கு நாலடி. முழுக்க நீலம். கிரீடம், வாள், தொட்டில், அதற்குள் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. "எங்கள் குலம் காக்க வருகிறான் இளவரசன்." கீழே நைனா, அம்மா, பிரபு போட்டோ வட்டம் வட்டமாக. தி. போட்டோ இல்லவே இல்லை. சுமப்பவள் அவள், போட்டோ இவர்களுடையது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரு பிளெக்ஸுக்கு இன்னா இவ்ளோ டென்ஷன் என்றாள். தி. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். அவளுக்கு இன்னா தெரியும் என்றாள். பிறகு, பேச்சோடு பேச்சாக, வேறொன்று.

"ஆம்பளப் புள்ள பெத்தவங்களா பாத்து மொதல்ல வளையல் போடட்டும். நீ கடைசியா போடு செல்வி. தப்பா எடுத்துக்காத."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகிழ் ஹோம்ஒர்க் செய்துகொண்டே கேட்டாள்.

"ஏம்மா நீ கடைசி?"

நாத்தனார் என்றால் கடைசியில்தான் போட வேண்டும், அது ஒரு முறை என்றேன். பொய். யாழினி ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். குழம்பில் உப்பு இல்லை என்று பிறகு சொன்னார்.

பிப்ரவரி 14, வெள்ளி

பள்ளி அரை நாள். மதியம் தி. வந்தாள். குருத்தோலை மடிக்க உதவி. கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. முக்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார வைத்தேன். பிளெக்ஸ் பற்றிச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஓலையைக் கிழித்துக்கொண்டே, ஏன் மஞ்சள் கேட்டேன் தெரியுமா அண்ணி என்றாள். நாகரிகம் என்று நினைத்தேன், போனில் பார்த்திருப்பாய் என்றேன். இல்லை என்றாள்.

மார்கழியில் அம்மா, பிரபு, இவள் மூன்று பேரும் காரில் கோயிலுக்குப் போனார்கள். எனக்கும் தெரியும், பிரசாதம்கூட வந்தது. போகிற வழியில் கார் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. ஊர் பேர் எழுதப்போவதில்லை. ஒரு சந்து, ஒரு மாடி வீடு, போர்டு எதுவும் கிடையாது. ஒரு ஆள் வந்து கார் கண்ணாடியைத் தட்டி, போனெல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னானாம். அப்போதுதான் இவளுக்குப் புரிந்திருக்கிறது. அம்மா இறங்கிவிட்டாள். பிரபு இறங்கிவிட்டான். இவள் இறங்கவில்லை. சீட்பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாளாம். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், சும்மா தெரிஞ்சிக்கத்தானே என்றாள். பிரபு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் அந்த ஆளே சத்தம் வேண்டாம், கிளம்புங்க என்று அனுப்பிவிட்டான். பிறகு கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பிரசாதத்தைத்தான் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

"அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது அண்ணி. பொறக்கற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. அதுக்குத்தான் மஞ்சள்."

அவள் அம்மா வீட்டுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பிரஷர், அதனால் சொல்லவில்லை.

எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது, கருவில் ஆணா பெண்ணா பார்ப்பது குற்றம் என்று. அம்மா என்னோடு இரண்டு முறையும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். பெண் என்று அந்த ஆள் சொல்லியிருந்தால்? கலைத்திருப்பார்கள். இந்த வார்த்தையை எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். எழுதிவிட்டேன்.

ஓலை கையை அறுத்துவிட்டது. மஞ்சள் வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

காலையிலேயே பிரபு வீட்டு மொட்டைமாடி. பந்தல் வந்துவிட்டது. நான் சாமந்தியும் ஓலையும் கட்டக் கட்ட, மலையிலிருந்து வந்த குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வேடிக்கை. டீ குடிக்கக் கீழே இறங்கியதுதான் தாமதம், ஒரு பக்கம் முழுக்கப் பிய்த்துவிட்டன. திரும்பவும் கட்டினேன். குரங்குமேல் கோபம் வரவில்லை.

பிரபு சீரியல் பல்பு மாட்ட வந்தான். நானும் அவனும் மட்டும். கேட்டேன். முதலில் என்ன கார், எந்த மார்கழி என்றான். தி. சொல்லிவிட்டாள் என்றதும் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாதாங்கா கார் பேசிச்சு. நான் கூட போனேன், அவ்ளோதான்."

"பொண்ணுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

மறுபடியும் கேட்டேன். ஒயரைச் சுற்றினான், பிரித்தான்.

"தெரியலக்கா."

தெரியலையாம். பக்கத்துத் தெரு நாய்க்குக் கால் உடைந்தால் கட்டுப்போடத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். என் பெண்களை இரண்டு தோளிலும் உட்கார வைத்துத் தேர் காட்டியவன். அவனுக்குத் தெரியலையாம். அறைந்திருப்பேன். கையில் கத்திரிக்கோல் இருந்தது, கீழே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அம்மா அடுப்படியில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். காரம் பாரு என்று வாயில் ஊட்ட வந்தாள். வேண்டாம் என்றேன். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டாள். நாளைக்கு நூறு பேர் வருகிற வீடு. பேசாமல் வந்தேன். பேசாமல் வந்தது சரியா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம். இப்போதுதான் உட்கார்ந்தேன். கால் கடுப்பு. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மாடிக்குப் போனால் மஞ்சள் துணிக்கு மேலே அந்த நீலப் பிளெக்ஸ். விடியும் முன்னால் ஆள் வைத்துக் கட்டியிருக்கிறாள் அம்மா. ஏணி கொண்டு வரச் சொல்லி நானே ஏறி அவிழ்த்தேன். கிழிக்கவில்லை. பந்திப் பக்கம் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சாதக் குண்டான்களை வைக்கச் சொன்னேன். இளவரசன்மேல் புளிசாதம். அம்மா வந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. ஆட்கள் வந்துவிட்டதால் ஒன்றும் சொல்லவில்லை.

அனந்தபுரத்திலிருந்து தி. வீட்டார் வேனில் வந்தார்கள். சீர்த்தட்டு, ஏழு வகை சாதம், கூடை கூடையாகக் கண்ணாடி வளையல். அலங்காரத்தைப் பார்த்து எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு கிழவர் மட்டும், பையன் கலரா இருக்கணுமே என்றார். எது பையன் கலர் என்று கேட்டேன். யோசித்துவிட்டு டீ கேட்டார்.

தி. மாம்பழ மஞ்சள் பட்டில் உட்கார்ந்தாள். கண் நிறைந்தது, உண்மை. சந்தனம், குங்குமம் ஆனது. வளையல் நேரம். அம்மா தட்டை எடுத்து எதிர்வீட்டுக் கோமளா அக்காவிடம் நீட்டினாள். அவருக்கு மூன்றும் மகன்கள். நான் தூணோரம். யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அடுத்த மாசியில் என் பேரன் இந்த மாடியில் தவழ்வான், மூணு சிங்கம் பெத்த கையால ஆரம்பிங்க என்றாள்.

தி. கையை நீட்டவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"அத்தை, மார்கழியில கோயிலுக்குப் போற வழியில என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்கன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பாட்டுப் போட்டிருந்த ஸ்பீக்கரை யாரோ நிறுத்தினார்கள். அம்மா தட்டில் இருந்த வெற்றிலையை நேராக்கினாள். நேராக இருந்ததைத் திரும்பவும் நேராக்கினாள். தி.யின் அம்மா, எங்கடி போனீங்க என்று கேட்டார். பிரபு படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தான். அவன் முகத்தைத் தேடிப் பார்த்த எல்லாருக்கும் பாதி புரிந்துவிட்டது.

கோமளா அக்கா வளையலைத் தட்டிலேயே வைத்தார். நான்கூட எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு மொதல்ல ரெண்டு பொண்ணு தங்காம போச்சு. அதையும் சேத்துத்தான் நான் பெத்தவ. நீ வந்து போடு செல்வி."

போனேன். பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. மணிக்கட்டில் ஏறும்போது தி. என் விரலை ஒரு அழுத்து அழுத்தினாள். அப்புறம் அவளே யாழினியையும் மகிழையும் கூப்பிட்டாள். கல்யாணம் ஆகாத பிள்ளைகள் போடலாமா என்று ஒரு குரல். போடட்டும் என்றார் தி.யின் அம்மா. போட்டார்கள். மகிழ் வலிக்குதா அத்தை என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள்.

சாதம் மீதமில்லை. தயிர்சாதம் பத்தவில்லை. மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. முறைப்படி தி. தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள், ஆனால் எல்லா மருந்தும், சர்டிபிகேட் பையும் எடுத்துக்கொண்டு போனாள். என் அம்மா வாசல்வரை வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

லீவு போட்டேன். வெயில். ஓலையெல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டது, நைனாவும் நானும் அவிழ்த்தோம். போகும்போது நைனா, எனக்குத் தெரியாதும்மா என்றார். தெரிந்துகொள்ளாமல் இருக்க எவ்வளவு பேப்பர் படிக்க வேண்டியிருக்கிறது இந்த மனிதருக்கு.

அம்மா அடுப்படியில் என்னை நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள். நான் பிறந்தபோது பெண் என்று கேட்டதும் அவள் மாமியார் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லையாம். பிரபு பிறக்கிறவரை எந்த விசேஷத்திலும் இவள் கையால் குங்குமம் வாங்கமாட்டார்களாம்.

"நான் பட்டது அவளும் படக்கூடாதுன்னுதான் பண்ணேன்."

பாவமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. பட்டது தெரிந்தும், அதையே அப்படியே எடுத்து, கடைசியாகப் போடு என்று என்னிடம் கொடுத்தாளே. அதைச் சொல்லிவிட்டேன். பொண்ணா பொறந்தவதான நானும், என்னை வச்சிக்கிட்டே எப்டிம்மா என்று கேட்டேன். அம்மா கை கழுவப் போய்விட்டாள்.

தி.யின் அப்பா போன் செய்ததாக நைனா சொன்னார். எல்லாம் தெரிந்துவிட்டது. பிரசவம் அனந்தபுரத்தில். அதற்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று அவள் சொல்வதுதான் முடிவு.

பிரபு மதியம் என் வீட்டுக்கு வந்தான். நீ பேசுக்கா, நீ சொன்னா கேப்பா என்றான். நான் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, நீ போ என்றேன். எப்படிப் போறது என்றான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் எழுந்து வேலையைப் பார்த்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மகிழுக்கு இருமல். சிரப் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இன்று 'ஈ' எழுத்து, பாதிப் பேருக்கு வரவில்லை.

சாயங்காலம் தி. போன். கால் வீக்கம் குறைந்திருக்கிறதாம். அவள் அம்மா தினமும் கம்பங்கூழ் கொடுத்துப் படுத்துகிறாராம். கொஞ்சம் சிரித்தாள். அப்புறம், அவர் வந்திருந்தார் என்றாள். அப்பா உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே பேசினோம் என்றாள்.

"பொண்ணுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பன்னு நீங்க கேட்டீங்களாமே, நானும் கேட்டேன் அண்ணி. இன்னும் தெரியலன்னுதான் சொல்றாரு. தெரிஞ்சப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

சரி என்றேன். அங்கே அவன் ஒரு வாய் தண்ணீராவது குடித்தானா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.