செத்தால்தான் கதிரை

யூன் 4
மண்வெட்டி காலிலை பட்டுக் கிழமையாகுது. இரத்தத்திலை சீனி கூடின வருத்தக்காரன் அந்தக் காயத்தோடை சேத்துக்கை இறங்கலாமோ? கேட்டால், "நான் போகாட்டில் வாய்க்கால்காரருக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணியை ஆர் பிரிச்சுவிடுறது?" எண்டு என்ரை மனுசன் சிற்றம்பலம் என்னையே திருப்பிக் கேக்கிறார். விதைச்ச நெல்லுக்குக் காப்புறுதி இருக்கு. விதைச்சவருக்கு இல்லை.

யூன் 9
கால் வீங்கிப் படுத்து நாலு நாளாகுது. ஆசுப்பத்திரியிலை மருந்து சும்மாதான். இரத்தக்குழாய் ஸ்கானைத்தான் வெளியிலை, யாழ்ப்பாணத்திலை, காசு குடுத்துக் கெதியா எடுக்கட்டாம். பிந்தினால் கால் போகுமாம். கையிலை இருந்ததெல்லாம் வயலுக்கை போட்டாச்சு.

யூன் 10
மரண சகாய சங்கத் தலைவர் யோகலிங்கத்தாரிட்டைப் போனனான். மாசாமாசம் சந்தா கட்டுறனாங்கள்தானே. "தங்கச்சி, செத்தால்தான் சங்கம் குடுக்கும். சங்க யாப்பிலை விதி அப்பிடி" எண்டார். நல்ல தேத்தண்ணியும் தந்தார். எனக்கெண்டால் பத்திக்கொண்டு வந்தது. இந்த மனுசன் சாகுமட்டும் நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?

செத்த வீட்டிலை சனம் இருக்கப் போடுற சங்கத்தின்ரை கதிரையெல்லாம் எங்கடை கொட்டிலுக்கைதான் கிடக்கு. திறப்பும் என்னட்டை.

யூன் 11
விடியக் கதிரையளை முத்தத்திலை பரப்பினன். அவ்வளவுதான் செய்தனான் — ஆரும் செத்ததெண்டு நான் சொல்லேல்லை.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா அக்கா படலையிலையே ஒப்பாரியைத் தொடங்கிட்டா. கொஞ்சம் பாட விட்டிட்டு உள்ளுக்கை இருந்து இவர், "அக்கா, என்னைப் பற்றி இவ்வளவு நல்லாய் நீங்கள் ஒருநாளும் கதைச்சதில்லையே" எண்டார். அவா விழுந்திருப்பா. நல்ல காலம், பின்னாலை கதிரை இருந்தது.

கொஞ்ச நேரத்திலை சங்கம் முழுக்க முத்தத்திலை. யோகலிங்கத்தார் வெள்ளை வேட்டியோடை. "எல்லாரும் வந்திட்டியள், இருங்கோ, கூட்டத்தை வைப்பம்" எண்டன். சனம் சிரிச்சுது. கடைசி வாய்க்கால்காரர் மட்டும் சிரிக்கேல்லை. இவர் படுத்ததிலையிருந்து அவையின்ரை வயலுக்குத் தண்ணி போகேல்லை, பயிர் மஞ்சளாகுது. "இந்த ஒராளின்ரை காலைப் பாக்காமல் விட்டு எங்கள் எல்லாற்றை வயலும் போகுது" எண்டு அவையிலை ஒருத்தன், தயாபரன், எழும்பிக் கத்தினான். யோகலிங்கத்தாரின்ரை வயலும் கடைசியிலைதான். சனம் சேர்த்த காசோடை மத்தியானம் அவரின்ரை வானிலை ஏறித்தான் ஸ்கானுக்கு யாழ்ப்பாணம் போனம்.

யூன் 20
இவருக்குக் கால்விரல் ஒண்டு போச்சு. கால் இருக்கு. குசினிக்கை நிண்டு வடிவாய் அழுதன்.

ஓகஸ்ட் 27
அறுவடை. கடைசி வாய்க்காலிலை பாதி விளைச்சல்தான். யாப்பிலை ஒரு வரி கூடியிருக்கு: வருத்தக்காரருக்கும் குடுக்கலாம். யோகலிங்கத்தாரே வாசிச்சார்.

செப்டம்பர் 3
யோகலிங்கத்தாருக்கு நெஞ்சு நோவு. புது யாப்பிலை சங்கம் குடுத்த முதல் உதவி அவருக்குத்தான். இவர் நொண்டி நொண்டிப் போய் வானிலை ஏத்திவிட்டார். பின்னேரம் போன் வந்தது, ஆள் தப்பிட்டாராம்.

கொட்டிலைத் திறந்து பாத்தன். கதிரையெல்லாம் ஒரே தூசி. துடைக்கேல்லை.