தீவில் விட்டுவந்த பேர்

என் தங்கமான யோவ்,

முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது அங்கே வந்து உன்னிடம் போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் தேவலை. காலையில் பால் வாங்கப் போகும்போது நைட்டிக்கு மேலே துண்டு போடுவதை விட்டுவிட்டேன். உன் ஆட்டோக் காக்கிச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன். போன வாரம் பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரமாக நடந்து வருகிறேன், ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பூந்தமல்லி போவுமாம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போவும், பின்னாடி ஏறு பெர்சு" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் நம்பி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நாய்தான் நின்றது.

சிரி, சிரி. கடைசி நாட்களில் உன் சிரிப்புக்குச் சத்தமே கிடையாது, தோள்பட்டை மட்டும்தான் குலுங்கும். அதைப் பார்க்க வேண்டும் என்றே நாளெல்லாம் உன்னை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பேன். இப்போது யாரை இழுப்பது?

உன் தலைத்திவசம் முடிந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் உன் படத்தைப் போட்டு பேனர் வைக்கிறார்கள். லைசென்ஸுக்கு எடுத்த படம். போலீஸ்காரரைப் பார்த்த மாதிரியே முழிக்கிறாய், பின்னால் மேகம் வேறு. "அண்ணி, கீய ரெண்டு வரி எய்தித் தாங்க" என்று கேட்டார்கள். நாலாங்கிளாஸ்காரியிடம் கேட்டால் இப்படித்தான், எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை. நம்ம ஜோதி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழையைத் திருத்துகிறாள். "அம்மா, இத்த பேனர்ல போட்டா ரோடு பத்தாது" என்கிறாள். உன் மகள்தானே, வாய்க்கு என்ன குறைச்சல்?

பேனரில் உன் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். பழக்கம். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றைக்கே எங்க அம்மா காதில் ஓதி அனுப்பினாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டைக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் "ஜோதியோட அப்பா" என்பேன். "அது ஒரு பேரா?" என்று நர்ஸ் திட்டினால், வாசலில் சும்மா நிற்கிற யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வைப்பேன். நீயும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அத்தனை வருஷமும் என்னை "ஏய்", "இந்தா", "மே". தேவகி என்று எனக்கு ஒரு பேர் இருப்பதே உனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தீவுக்குப் போகும் வரைக்கும்.

உன் தொண்டையில் புற்றுநோய், அடுத்த வாரம் குரல்வளையை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்தால் உயிர் நிற்கும், பேச்சு வராது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

"மே, ஒரு நாளு நாம ரெண்டு பேரும் எங்கனா போய்ட்டு வர்லாம். பேசிக்கினே" என்றாய்.

"எங்க?"

"பயவேற்காடு. ஏரிக்கு நடுவுல தீவு கீதாம். மரம், தண்ணி, பறவ. கம்முனு இருக்குமாம்."

"கம்முனு இருக்கறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? நான் ஊட்லயே வாய மூடிக்கினு இருந்துட்டுப் போறேன்."

"நீயி?" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கே உன் மேல் கோபம்.

கல்யாணம் ஆனதிலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் போன ஊர் என்று ஒன்றும் கிடையாது. போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, சாவு. அதனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். எலுமிச்சை சாதம் கட்டினேன். நீ கேட்டாய் என்று கருவாடு வறுத்தேன். மீன் பிடிக்கிற ஊருக்குக் கருவாடு எடுத்துக்கொண்டு டூர் போன ஜோடி நாம் மட்டும்தான் இருப்போம். உன் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் கால் நீட்டி, மகாராணி மாதிரி உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் மகாராணி? ஆவடி மார்க்கெட் வரைக்கும். அங்கே பஸ் ஸ்டாப்பில் நாலு பேரைப் பார்த்ததும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. தலையை வெளியே நீட்டி ஆரம்பித்தாய்: "செங்குன்றம் செங்குன்றம் செங்குன்றம்! உள்ள போலாம், எடம் கீது, ஏறு ஏறு ஏறு!"

"இன்னாய்யா பண்ற?" என்று கத்தினேன்.

"காலி சீட்ட வச்சுகினு ஓட்ட கை வர்ல, மே. கொஞ்சம் தள்ளிக் குந்து."

காசு வேண்டாம் என்று வேறு சொன்னாய். அதைக் கேட்டு ஒரு அம்மா ஏறிய காலை இறக்கிக்கொண்டாள். "காசு வாணான்றான், ஆளு ஒரு மாதிரி கீறான்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். நான்தான் பட்டுப்புடவையோடு கீழே இறங்கி, "நல்லவருதாம்மா, என் ஊட்டுக்காரரு" என்று சாட்சி சொல்லி அவளை ஏற்ற வேண்டியிருந்தது. செங்குன்றம் போவதற்குள் என் மடியில் ஒரு காய்கறிக் கூடை, காலடியில் ஒரு கோழி. தேனிலவுக்கு வந்த லட்சணம்!

செங்குன்றத்தில் இறங்கியவர்களுக்குப் பதிலாக "பொன்னேரி பொன்னேரி" என்று கூவி வேறு ஆட்களை ஏற்றினாய். பொன்னேரி தாண்டியதும் வண்டி காலி. ரோட்டில் ஆளே இல்லை. ஆனாலும் நீ நிறுத்தவில்லை. "பயவேற்காடு பயவேற்காடு! ரெண்டு சீட்டு, ரெண்டு சீட்டு!" வயலோரம் ஒரு மாடு நின்றது. அதையும் ஏறச் சொன்னாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ ஆளைத் தேடிக் கூவவில்லை. உன் தொண்டையில் மிச்சமிருந்ததைச் செலவழித்துக்கொண்டிருந்தாய். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "இன்னாமே?" என்று கேட்டாய். கண்ணில் தூசு என்றேன். நம்பினாயா?

பழவேற்காட்டில் வண்டியை விட்டுவிட்டு, தீவுக்காரர்கள் ஏறிய படகில் நாமும் ஏறினோம். ஏரி அத்தனை பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆழம் இல்லை, படகுக்காரர் நெடுகக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். தூரத்தில் ரோஸ் கலரில் பறவைக் கூட்டம் ஒற்றைக் காலில் நின்றது. "பாரு, மொத்தமா ஸ்டாண்டுல நிக்குது, எவனும் சவாரி எடுக்கல" என்றாய். படகே சிரித்தது.

தீவில் பனைமரங்கள், ஆடுகள், ஒரு சின்ன அம்மன் கோயில், காயப்போட்ட வலைகள். மர நிழலில் உட்கார்ந்தோம். பேச வேண்டும் என்று வந்தவன் நீ. உட்கார்ந்ததும் உனக்குப் பேச்சே வரவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் நான் பேசுவேன், உனக்குத் தெரியுமே? ஜோதி வீட்டு கேஸ் அடுப்பு, எதிர்வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கிற அழகு, உன் தம்பி சேகர் வாங்கின செருப்பு, எல்லாம் பேசினேன். நடுவில் எனக்கே வெட்கமாகி, "நீ பேசுய்யா, அதுக்குத்தானே வந்தோம்" என்றேன்.

"நீ பேசு மே" என்றாய். "கேட்டுக்கினு கீறேன். காது எங்கயும் போவல."

பிறகு எழுந்து தண்ணீர் ஓரமாகப் போனாய். வாயைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டாய்.

"தேவகி தேவகி தேவகி! ஒரே சீட்டு, ஒரே சீட்டு! தேவகி மட்டும் ஏறு! தேவகீஈஈ!"

ஆடுகள் தெறித்து ஓடின. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். என் பேர் அத்தனை நல்ல பேர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றாய். "இப்ப நீ கூப்புடு. ஒரே தபா."

"இன்னான்னு?"

"பேரச் சொல்லி."

"போய்யா. வர்ற வாரம் கயுத்துல கத்தி வெக்கப் போறாங்க. இப்பப் போயி ஆயுச கொறைக்கச் சொல்றியா?"

"கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. உன் வாயால கேக்கணும் போல கீது."

"எல்லாம் முடிச்சுட்டு நல்லாயி வா. இதே எடத்துல நின்னு, தீவே கேக்கறாப்ல கத்துறேன். இப்ப கருவாட்டத் துண்ணு" என்றேன்.

தின்றாய்.

அதற்குப் பிறகு நடந்தது ஸ்டாண்டுக்கே தெரியும். கழுத்தில் ஓட்டையோடு வந்தாய். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாய். மறுபடி வண்டி எடுத்தபோது கூவ ஆள் இல்லை என்று நான் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "ஆவடி, பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம், கரையான்சாவடி, பூந்தமல்லி! ஏறு ஏறு!" அண்ணாத்தே ஓட்டறாரு, அண்ணி ஆரன் அடிக்கிறாங்க என்று கிண்டல் செய்தார்கள். அந்த ரோட்டில் இருக்கிற ஊர் பேரையெல்லாம் உனக்காகக் கூவினேன். உன் பேரை மட்டும் கூவவில்லை.

அவ்வப்போது கையைப் படகு மாதிரி அசைத்துக் காட்டுவாய். தீவுக்குப் போகலாமா என்று அர்த்தம். மழை முடியட்டும் என்றேன். ஜோதிக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்றேன். மழையும் முடிந்தது, பிள்ளையும் பிறந்தது. அதற்குள் நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன் மார்பைத் தொட்டாய், பிறகு என் வாயைக் காட்டினாய். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி போர்வையை இழுத்துவிட்டேன். இருக்கிற கொஞ்சத்தையும் நானே குறைப்பேனா? எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். வண்டியைச் சேகர்தான் ஓட்டுகிறான். கூவ வெட்கப்படுகிறான், பாட்டைப் போட்டுவிட்டுக் கம்மென்று உட்கார்ந்திருக்கிறான், ஆள் எப்படி ஏறும்? ஏறுகிறவர்களும் இப்போது குத்தம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்கிறார்கள். ஜோதியின் குட்டிக்கு உன் காது. டம்ளரையும் ஸ்பூனையும் அந்தக் குட்டியிடம்தான் கொடுத்திருக்கிறேன். அவள் தட்டும்போதெல்லாம் நான் இன்னமும், "தோ வந்துட்டேன்யா" என்று எழுந்துவிடுகிறேன்.

திவசம் முடிந்த பிறகு பஸ் மாறி மாறி அந்தத் தீவுக்குப் போனேன், தனியாக. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜோதி விட்டிருக்க மாட்டாள். இந்த வரியைத் திருத்தும்போதுதான் அவளுக்கே தெரிகிறது, முறைக்கிறாள். அதே மரம். அதே ஆடுகளா என்று தெரியவில்லை. பையிலிருந்து உன் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டேன். நீ நின்ற இடத்தில் போய் நின்றேன்.

முதலில் பழக்கத்தில், "ஆவடி, பருத்திப்பட்டு" என்றுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இனிமேல் குறைய உன்னிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வாயைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு, தீவே கேட்கிறாற்போல, சொன்ன சொல்படி கூப்பிட்டேன்.

"கோதண்டம் கோதண்டம் கோதண்டம்! ஒரே சீட்டு! கோதண்டம் மட்டும் ஏறு! கோதண்டம்ம்ம்!"

பனைமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். கையெல்லாம் சோறு. "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அவர் பேர் கோதண்டமாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். பின்னே எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டார். மணி என்ன என்று கேட்டேன். சொன்னார். அவர் பெண்டாட்டி வாசலில் நின்றுகொண்டு என் முகத்தையும் காக்கிச் சட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். படகு வரும் வரைக்கும் பார்த்தாள்.

உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் வந்து கூப்பிடுவேன். அடுத்த தடவை இனிஷியலோடு கூப்பிடுகிறேன்.

உன் பெண்டாட்டி,
தேவகி