தரைத்தளத்து ட்ரெட்மில் தானாகக் கிளம்பியது குறித்து

அனுப்புநர்:
மோட்டார் டிரைவ் பழுதுபார்ப்பவர்
(காயமடைந்த பேருந்து ஓட்டுநரின் தங்கை)

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
மருத்துவ உபகரணப் பாதுகாப்புப் பிரிவு

பொருள்: மறுவாழ்வு மையத்தின் இலவசப் பிரிவு ட்ரெட்மில்லை நாளை காலை இயக்குவதற்கு முன் முத்திரையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அக்கா நிலைதடுமாறி விழவில்லை. தங்கள் பிரிவு ஆய்வு செய்து ஒப்புதல் வில்லை ஒட்டிய இயந்திரம் அவரைக் கீழே தள்ளியது.

1. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடைப்பயிற்சிக்காக அக்கா அங்கே சென்றார். அன்று அவருக்கு முதல் நாள். ஆறாவது நிமிடத்தில் ட்ரெட்மில் நின்றது. பயிற்சி முடிந்ததென்று நினைத்து, இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கினார். யாரும் எந்தப் பொத்தானையும் தொடாமல் பட்டை மறுபடி ஓடியது. அறுவை செய்த முழங்காலே முதலில் தரையில் மோதியது. இடுப்போடு கயிற்றால் மாட்டியிருந்த பாதுகாப்புச் சாவி அப்போதுதான் இயந்திரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து அதை நிறுத்தியது. சாவி வேலை செய்தது என்பதை நான் மறைக்கவில்லை. அவர் விழுந்த பிறகு வேலை செய்தது.

2. நான் ஐந்து வருடமாக டிரைவ் பழுதுபார்க்கிறேன். ட்ரெட்மில் மோட்டாருக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு முறுக்குவிசை என்று அளந்து கொடுக்கும் மின்னணுப் பெட்டிதான் டிரைவ். ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் பட்டை அழுந்தி வேகம் குறையப் பார்க்கும். டிரைவ் கூடுதல் விசை கொடுத்து வேகத்தைக் குறையாமல் பிடிக்கும். பட்டை தேய்ந்து காய்ந்துவிட்டால் உராய்வு ஏறும், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும். அது எல்லை தாண்டினால் டிரைவ் மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு மனிதர் வந்து காரணம் பார்த்து, மறுபடி இயக்கும்வரை அது நின்றபடி இருக்க வேண்டும். கிளம்பும்போதும் மெதுவாகக் கிளம்ப வேண்டும்.

3. விபத்துக்கு மூன்றாம் நாள், மையத்தின் மின்பணியாளர் முன்னிலையில் அந்த டிரைவின் அமைப்புகளைப் படித்தேன். எதையும் மாற்றவில்லை. நின்றால் ஐந்து விநாடியில் தானாகக் கிளம்பும்படி வைத்திருந்தார்கள். வேகம் பிடிக்க எட்டு விநாடி இருக்க வேண்டிய இடத்தில் அரை விநாடி இருந்தது. கட்டணம் செலுத்துவோருக்கான மேல்மாடியில் இதே இயந்திரம் இருக்கிறது. அது தானாகக் கிளம்பாது. அங்கே எட்டு விநாடி.

4. மின்பணியாளர் எதையும் ஒளிக்கவில்லை. “அடிக்கடி நின்னுபோகுதுன்னு திட்டு வாங்கினது நான்தாம்மா. புதுப் பட்டை கேட்டு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். வந்த பட்டை மாடிக்குப் போயிடுச்சு. அதான் தானா கிளம்புற மாதிரி வச்சேன். நான் வேற என்ன பண்ணுவேன்?” என்றார். அவரை மட்டும் பலி கொடுத்து இந்தக் கோப்பை மூடிவிட வேண்டாம். பழைய நோயாளிகள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு தெரியும். நின்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்படி அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். இயந்திரத்தைத் திருத்துவதைவிட ஏழைகளைப் பழக்குவது சுலபம்.

5. மையத்தின் மேலாளரிடம் கேட்டேன். “மெஷின்ல என்னம்மா கோளாறு? உங்கக்காவுக்குக் கால்ல கோளாறு, அதனாலதானே இங்க வந்தாங்க” என்று சிரித்தார். பிறகு ‘நோயாளி நிலைதடுமாறி விழுந்தார்’ என்று அறிக்கை எழுதி, அக்காவின் பணிமனைக்கும் ஒரு நகல் அனுப்பினார். நிலைதடுமாறும் ஒருவரிடம் பேருந்தை யார் கொடுப்பார்கள்? வரும் புதன்கிழமை அவருடைய உடல்தகுதிக் குழு கூடுகிறது. பதினோரு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர், அந்த ஒரு வரியால் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும்.

6. உண்மை அந்த டிரைவின் நினைவகத்தில் இருக்கிறது. கடைசிப் பத்து நிறுத்தங்களை, அப்போது மோட்டார் இழுத்த மின்னோட்டத்தோடு அது பதிந்து வைத்திருக்கும். காயமடைந்தவரின் தங்கை தனியாகப் படித்தால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதால் அதை நான் அன்று தொடவில்லை. விபத்து நாளிலிருந்து இயந்திரம் ஓடவில்லை, ஆகவே அக்கா விழுந்த அந்த நிறுத்தம் இன்றும் அதில் உள்ளது. நாளை காலை எட்டு மணிக்கு மறுபடி இயக்கப்போகிறார்கள். ஒரு நாளில் ஆறேழு தடவை நிற்கும் இயந்திரம் அது. சனிக்கிழமைக்குள் புதிய நிறுத்தங்கள் பழையதைத் தள்ளிவிடும்.

7. திங்கட்கிழமை நான் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது.

ஆகவே, நாளை எட்டு மணிக்கு முன் அந்த இயந்திரத்தை முத்திரையிட்டு, இரு தரப்பினர் முன்னிலையில் டிரைவின் பதிவைப் படித்து, படித்ததை உடல்தகுதிக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புமாறு கோருகிறேன். படிக்கத் தெரிந்தவர் தங்கள் பிரிவில் இல்லையென்றால் நான் வருகிறேன், என் கருவிகளோடு.

இவை எதுவும் இயலாதென்றால், நாளை அதில் ஏறப்போகும் முதல் நோயாளியின் பெயரைக் கேட்டு எழுதி, ‘இவருக்கு இந்த இயந்திரம் பாதுகாப்பானது’ என்று தாங்களே கையொப்பமிட்டு இன்று மாலைக்குள் என்னிடம் தாருங்கள்.

நாள்: வியாழக்கிழமை, பிற்பகல் 3 மணி
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

(கையொப்பம்)