பிரின்சிபாலம்மாவின் முன்பல்

ஏப்ரல் 6

இன்ஜின் வகுப்பு. பிரித்ததைத் திருப்பி மாட்டியபோது ஒரு வாஷர் மிச்சம். மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவன் சம்பளம் வாங்காமல் கடல் தாண்டி வந்து தொழிற்பள்ளியில் பாடம் எடுப்பதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்காரிக்கு மட்டும் இல்லை. "ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் ஊர் சுத்தலாம்னீங்க. இப்ப நீங்களே சுத்துங்க" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

ஏப்ரல் 8

மகள் போனில்: "அப்பா, வருஷப்பிறப்புக்கு என்ன செய்யப் போறீங்கன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

"லீவு இல்லைன்னு சொல்லு."

பின்னால் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் ஓசை. அதுவும் பதில்தான். அந்த பாஷை எனக்கு நன்றாகப் பழக்கம்.

ஏப்ரல் 10

பிரின்சிபாலம்மாவிடம் வாய்தவறி வருஷப்பிறப்பு என்று உளறிவிட்டேன்.

"சொல்லவே இல்லையே. எல்லாரும் சேர்ந்து கொண்டாடிடலாம். உங்க ஊர்ல என்ன பலகாரம் செய்வீங்க?"

வீட்டில் நான் எப்படிக் கொண்டாடினேன்? குளிப்பேன், சாப்பிடுவேன், தூங்குவேன். மற்றதெல்லாம் தானாக நடக்கிறது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருக்கிறேன்.

கடலை உருண்டை என்று சொல்லிவைத்தேன். கடலையும் பாகும்தானே. கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஏப்ரல் 13

வேலைதான்.

அறையில் என்னோடு இருக்கும் தச்சர் உதவிக்கு வந்தார். அவரும் வேறொரு நாட்டிலிருந்து வந்த தொண்டர்தான். "பாகை எவ்வளவு நேரம் காய்ச்சணும்?" என்றார். "கெட்டியாகுற வரைக்கும்" என்றேன். ஆனது. உருண்டை பிடிக்கையில் உள்ளங்கை வெந்தது. தச்சர் தன் தோல் கையுறையைக் கொடுத்தார். ஓர் உருண்டை கீழே விழுந்தது. உடையவில்லை. தரை ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்தது.

பாகுக்குப் பதம் என்று ஏதோ உண்டே? மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்காரியையே கேட்டால் என்ன? — மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஏப்ரல் 14

எப்படி எழுதுவேன்.

வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் பள்ளியே உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு உருண்டை. வாயில் போட்டவர்கள் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்கள், திரும்பத் தள்ளினார்கள். ஒருவராலும் பேச முடியவில்லை. இவ்வளவு அமைதியான விழாவை நான் கண்டதில்லை. பிரின்சிபாலம்மா மட்டும் மரியாதைக்காகக் கடித்தார்.

டக்.

முன்பல் உருண்டையோடு வந்துவிட்டது. கட்டின பல்லாம், தெய்வாதீனம். மோதிரத்தில் கல் பதித்த மாதிரி அதில் பதிந்து நின்றது. பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தச்சர் உளியை வைத்துத் தட்டினார். உளி வழுக்கியது. கடைசியில் வெந்நீரில் ஊறப்போட்டுப் பல்லை மீட்டோம்.

பிரின்சிபாலம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "ருசி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மகளிடம் புலம்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரி.

"பல்லையா?"

"ஆமா."

"ஒரு பொம்பளை பல்லையா?"

"கட்டின பல்தான்."

சத்தமே இல்லை. அழுகிறாளோ? அப்புறம்தான் வந்தது சிரிப்பு. புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

"பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அடுப்படியில வந்து நின்னிருந்தா தெரியும்."

"நின்னிருக்கேனே. காபிக்கு."

ஏப்ரல் 17

மறுபடியும் உருண்டை. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தேன். அதிலிருந்து அவள் அதிகாரம் செய்தாள். "நீங்க தள்ளுங்க. அவர் கிளறட்டும். தச்சு வேலை செய்றவர் கை, நிதானமா இருக்கு." எனக்குக் கொடுத்த வேலை விசிறுவது.

பிரின்சிபாலம்மா மறுபடி கட்டின பல்லோடு வந்து இரண்டு உருண்டை சாப்பிட்டார். போனைக் காட்டி, "இவ்வளவு தெரிஞ்சவங்களை வீட்ல விட்டுட்டு நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் வீட்டுக்காரி.

மாற்றாமல் மொழிபெயர்த்தேன். போனுக்குள் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அடுப்பை அணைங்க, தீயுது."

ஜூன் 2

மகள் ரகசியக் குரலில் பேசினாள். "அம்மா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துட்டு வந்திருக்காங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

"எதுக்காம்?"

"அடுத்த பண்டிகைக்கும் உங்களைத் தனியா விட்டா அந்த ஊர்ல ஒருத்தர் வாயிலயும் பல் மிஞ்சாதாம்."

இன்று மூன்று இன்ஜின் மாட்டினேன். ஒரு திருகு கூட மிஞ்சவில்லை.

அக்டோபர் 30

பண்டிகை. காலையிலிருந்து சமையலறையில் இரைச்சல். வீட்டுக்காரிக்கு பிரின்சிபாலம்மாவின் பாஷை தெரியாது, அவருக்கு இவள் பாஷை தெரியாது. இருவரும் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுநடுவே என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தச்சரும் தலையாட்டுகிறார். அப்படி என்னதான் —

கூப்பிடுகிறாள். "எழுதினது போதும், வந்து தேங்காயைத் துருவுங்க."