வீட்டில் தேடிப் பாருங்கள் என்று சொன்னேன்

காக்கா,

இரும்பு அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெரிய வீடு மகளுக்கு, பின்வளவில் கட்டிய இரண்டு அறை எங்களுக்கு. என் மனைவி ஒரு கிழமையாகச் சாமான் ஒதுக்குகிறாள். "இந்தக் கடதாசிக் குப்பைய இண்டைக்காவது பாத்து முடிங்க. மாப்பிள்ள ஊட்டார் வரக்குள்ள இது நடு ஊட்டுல நிக்கேலா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடித்தட்டில், பழைய வழக்குக் கோவைகளுக்குக் கீழே, நீல பிளாஸ்டிக் உறைக்குள், அரசாங்கம் உங்களுக்கு வயல் தந்த காணிப் பேர்மிட் இருந்தது. தற்செயலாகக் கண்டெடுத்தேன் என்று எழுத ஆசைதான். அது அங்கே கிடப்பது எனக்கு ஏழு வருடமாகத் தெரியும்.

நீங்கள் முதன்முதலாக என்னிடம் வந்தபோது நான் கல்முனையில் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய சட்டத்தரணி. வழக்கும் குறைவு, அனுபவம் அதைவிடக் குறைவு. மூத்தவர் என்பதால் உங்களை அண்ணன் முறைவைத்துக் காக்கா என்றேன். உங்கள் மூன்று ஏக்கர் வயலின் மேல்வரம்பைப் பக்கத்து வயல்காரர் போகத்துக்குப் போகம் வெட்டி உள்ளே வந்துகொண்டிருந்தார். எல்லையை நேரில் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். சப்பாத்தோடு வரம்பில் இறங்கி, பத்தடி போவதற்குள் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரிக்காமல் கை கொடுத்தீர்கள். வயல் காவல் குடிலான வாடியில் இருந்த மாற்றுச் சாரனைத் தந்து, என் காற்சட்டையை வாய்க்காலில் அலசிக் காயப்போட்டீர்கள். அதன் பிறகுதான், தண்ணீர்ப் பங்கு பார்க்க வந்த வட்டவிதானையிடம் சொல்லிச் சிரித்தீர்கள்: "எல்லய அளக்கக் கூட்டி வந்தன், லோயர் தம்பி ஆழத்த அளந்திட்டார்." கல்முனைச் சந்தையில் ஒரு மாதம் அந்தக் கதை ஓடியது.

அந்த வழக்கை வென்றோம். வென்றது என் வாதம் என்று நான் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வென்றது அரசாங்க முத்திரை குத்திய அந்தப் பேர்மிட்தான்.

பிறகு கடல் வந்தது. உங்கள் வீட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. உர மானியத்துக்குக் காட்டவென்று முதல் நாளே வாடிக்குக் கொண்டுபோயிருந்ததால் பேர்மிட் மட்டும் தப்பியது. அரசாங்கக் காரியாலயத்தில் இருந்த காணிப் பதிவேடு உப்புத் தண்ணீரில் ஊறி ஒன்றுக்கும் உதவாமல் போனது. அந்த நாட்களில் நம் கரையில் பலரும் காணி உறுதிகளை வீட்டில் வைக்கப் பயந்து, கடலுக்கு எட்டத்தில் இருக்கிறவர்களின் அலுமாரிகளைத் தேடினார்கள். நீங்கள் என்னிடம் வந்தீர்கள். நான் பற்றுச்சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இது அமானிதம் தம்பி, நம்பி ஒப்படைக்கிற பொருள். அமானிதத்துக்கு ஆராவது துண்டு எழுதுவாங்களா? எழுதினா நான் உங்கள நம்பல்ல எண்டெல்லோ ஆகும்."

நான் பேனாவை மூடினேன். நம்மவர்கள் நம்புகிற இடத்தில் எழுத்து வாங்குவதில்லை. எழுத்து வேண்டிய இடத்திலும் வாங்குவதில்லை. அதன் தீங்கு எனக்குப் படித்துத் தெரியும். உங்களுக்காக அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

இரண்டு வருடம் கழித்து மாகாண அரசில் சட்ட உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். கையில் இருந்த வழக்குகளை இன்னொரு சட்டத்தரணிக்கு மாற்றிக் கொடுத்தேன். உங்கள் வழக்கு முடிந்துபோனது என்பதால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை. பிறகு ஒவ்வொரு பதவிக் கதிரையாக ஏறினேன். வாகனம் வந்தது, சாரதி வந்தார், காணி விண்ணப்பங்களுக்குக் கடைசிக் கையெழுத்துப் போடும் அதிகாரமும் வந்தது. நீங்கள் என்னைத் தம்பி என்பதை விட்டுச் சேர் என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். என்ன காக்கா இது என்று கேட்டதற்கு, "கதிரைக்குக் குடுக்கிற மரியாத அது, உங்களுக்கில்ல" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இப்போது மறைக்கப் போவதில்லை.

பேர்மிட் காணிகளுக்கு நிரந்தர உறுதி கொடுக்கும் வேலை தொடங்கியது. நீங்கள் போட்டோப் பிரதியை வைத்து விண்ணப்பித்தீர்கள். அதே வயலுக்குப் பக்கத்து வயல்காரரும் விண்ணப்பித்தார். கோவைகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். பெயர் பார்க்காமல், எழுதுவினைஞரின் குறிப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். 'மூலப்பிரதி சமர்ப்பிக்கப்படாமையால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' அந்த வசனத்தை அமைத்துக் கொடுத்ததும் நான்தான். உங்கள் கடிதத்திலும் அதன் கீழே என் கையெழுத்து.

அது கவனக்குறைவு. அது மட்டும்தான் என்றால் உங்களிடம் ஒருநாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பேன்.

அடுத்த மாதம் கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில், மக்களின் குறை கேட்கும் நடமாடும் சேவை நடந்தது. கடைசி மேசை என்னுடையது. இரண்டு பக்கமும் என் உத்தியோகத்தர்கள், எதிரே கமராவோடு ஒரு செய்தியாளர். நீங்கள் வரிசையில் நின்று, உங்கள் இலக்கம் வந்ததும் கடிதத்தை நீட்டினீர்கள்.

"கொப்பிதான் என்னட்ட இரிக்கி சேர். அசல் பத்திரமான இடத்துல இரிக்கி."

"எங்க இரிக்கி?" என்று கேட்டேன். சத்தியமாக அப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

நீங்கள் என் இடப்பக்கம் இருந்தவரைப் பார்த்தீர்கள், வலப்பக்கம் இருந்தவரைப் பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது உங்களுக்கும் தெரிஞ்ச இடம்தானே சேர்" என்றீர்கள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. என் அலுமாரியில் கிடக்கும் கடதாசி இல்லையென்று நானே கையெழுத்திட்டு உங்களை நிராகரித்திருக்கிறேன். என்னிடம் இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அடுத்த கிழமை பதவி உயர்வுக்கான நேர்முகம். நான் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஊட்டுல நல்லாத் தேடிப் பாருங்க காக்கா. கிடைச்சா மேன்முறையீடு செய்யலாம்."

"ஓம் சேர். தேடிப் பாக்கிறன்" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

நான் சட்டத்தரணியாக இருந்தவன். எனக்காக எத்தனையோ வாதங்களைக் கட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. நான் பயந்தேன், காக்கா. உங்கள் வயலைவிட என் கதிரை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீங்களோ அந்தச் சபையில் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, உங்கள் காணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனீர்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். நீல உறை அங்கேதான் இருந்தது. சாரதியிடம் கொடுத்தனுப்பினால் அவருக்குத் தெரியும். தபாலில் போட்டால் முத்திரை காட்டிக் கொடுக்கும். நேர்முகம் முடியட்டும் என்றேன். நேர்முகம் முடிந்ததும் புதுப் பதவி நிலைக்கட்டும் என்றேன். அதற்குள் மேன்முறையீட்டுக் காலம் கடந்தது. இனிக் கொடுத்து என்ன பயன் என்று எனக்கு நானே பதில் எழுதிக் கோவையை மூடினேன். மற்றவர்களுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி எழுதிப் பழகிய கை.

வயல் பக்கத்து வயல்காரருக்குப் போனது. நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, ஆள் அனுப்பவும் இல்லை. ஒருநாள் அம்பாறைக்குக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் வயல் இருக்கும் வட்டையைக் கடந்தேன். உங்கள் பழைய வயலிலேயே நீங்கள் கூலிக்குக் காவல் நின்றீர்கள். வாகனத்தைக் கண்டு கையை உயர்த்தினீர்கள். சாரதி, "நிப்பாட்டவா சேர்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்றேன். கூட்டம் தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

நீங்கள் மவுத்தான செய்தி கேட்டு இறுதித் தொழுகைக்குப் போனேன்; முன் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். தொழுகைக்கு முன் உங்கள் மருமகன் எழுந்து, "எங்கட மாமா தெரிஞ்சோ தெரியாமலோ ஆருக்காவது நோவின செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புக் குடுங்க" என்று கேட்டார். எல்லோரும் கொடுத்துவிட்டோம் என்றார்கள். என் வாயும் அசைந்தது. உங்களை மன்னித்து மாப்புக் கொடுக்க நான் யார்?

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அலுமாரியைச் சாத்தினாள். பிறகு, "கலியாணம் முடியட்டும். மாப்பிள்ள ஊட்டார்ர காதுல விழுந்தா மகள்ர கதி என்ன?" என்றாள். நியாயமான பேச்சு. ஒத்திவைப்பது எனக்குக் கைவந்த தொழிலும்கூட. ஆனால் மறுநாள் காலையில் உங்கள் மகளிடம் போனேன்.

அவர் உறையைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வாப்பா சென்னவர், உங்கட்டத்தான் இரிக்கி எண்டு. போய்க் கேப்பம் எண்டு நாங்க எத்தின தரம் நிண்ட. விடல்ல. மனிசன் தானா ஞாபகம் வந்து கொண்டு வருவார், நாம கேட்டா வெக்கப்படுவார் எண்டார்."

அவரையும் கூட்டிக்கொண்டு நான் இருந்த அதே காரியாலயத்துக்குப் போனேன். என்னிடம் வேலை பழகிய உத்தியோகத்தர் எழுந்து கதிரை போட்டார். விசயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். "சேர், மவுத்தானவர்ர ஊட்டுல தேடக்குள்ள கிடைச்சது எண்டு மகளே எழுதித் தரட்டும். உங்கட பேர் எதுக்கு இதுக்குள்ள?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உங்கள் மகள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தியக்கடதாசி எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதன்முறையாக என் பெயரில் எழுதினேன். பேர்மிட் என் வசம் இருந்தது, இருப்பதை அறிந்தும் மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். உத்தியோகத்தர் இரண்டு தரம் வாசித்தார். நாங்கள் வெளியே வரும்போது அவர் எழுந்திருக்கவில்லை. விசாரணை மறுபடி தொடங்கும், வயல் திரும்பி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் மகளிடம் மாப்புக் கேட்டேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்.

"எண்ட பங்க நான் தந்திட்டன் சேர். வாப்பாட பங்க நான் எப்பிடித் தாற? அத அவரிட்டத்தான் நீங்க கேக்கணும்."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.

நேற்று உங்களை அடக்கிய கபுறடிக்குப் போனேன், காக்கா. ஸலாம் சொன்னேன். மாப்புக் கேட்க வாய் வரவில்லை.