சுண்ணாம்பு என்று எழுதிய பீப்பாய்கள்

தீக்கு ஒருநாளும் முதுகு காட்டாத என் தம்பி செழியா,

இராயபுரம் வீட்டில் உன் தலைக்கவசம் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதில் படிந்த கரியைத் துடைக்க அம்மா விடுவதில்லை. மேடைக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் அதைத் தொட்டுவிட்டுப் போகிறேன். என் சினம் ஆறிவிடக் கூடாதே!

கொருக்குப்பேட்டைக் கிடங்கு வெடித்தது குறித்த அறிக்கை வந்துவிட்டது, தம்பி. மூலையில் எரிவளி உருளை ஒன்று இருந்ததாம். தீயணைப்புக் குழுவை நடத்திய நீ அதைக் குளிர்விக்கத் தவறினாயாம். கிடங்கில் இருந்தது வெறும் சுண்ணாம்பாம்; தரையெங்கும் வெள்ளையாய்ப் படிந்திருந்ததே சான்றாம். உன்னைப் புதைத்த ஈரம் காயுமுன் உன் பெயரையும் புதைத்துவிட்டார்கள்.

அந்த உருளையின் ஒரு துண்டையாவது யாரேனும் கண்டார்களா? உருளை வெடித்தால் இரும்பு சிதறாதா? நான்கு சுவரும் ஒருசேர வெளிப்பக்கம் சாய்ந்தது எதனால்? கேட்டேன். எழுதியும் கொடுத்தேன்.

திருவொற்றியூர்க் கூட்டம் நினைவிருக்கிறதா? "எந்த நெருப்பையும் தண்ணீர் அணைக்கும், நாமே அந்தத் தண்ணீர்!" என்று நான் முழங்க, கைத்தட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. வீட்டில் நீயோ வாயில் சோற்றோடு சிரித்தாய்.

"யக்கா, மேடைல இன்னா வேணா பேசு. தண்ணி எல்லா நெருப்பையும் அணைச்சிடும்னு மட்டும் சொல்லாத. என் தோஸ்துங்க கலாய்க்கிறானுங்க."

"வேறு எது அணைக்கும்?"

"எரியுற எண்ணெய்ல ஊத்துனா, எண்ணெய் மேல மிதந்துகினு நெருப்ப எட்டு ஊருக்கு இஸ்துகினு போவும். கார்பைடு கல்லுல ஊத்துனா கேஸ் கெளம்பி வெடிக்கும். மொதல்ல உள்ள இன்னா கீதுன்னு கேக்கணும். அப்பால தான் தண்ணி."

"உயிர்வளியை மறித்தால் தீ சாகும் என்றாயே?"

"அத்த ஆக்சிஜன்னு சொன்னா உன் வாயி சுட்டுடுமா?"

இத்தனையும் அறிந்தவனா தவறியிருப்பான்? கிடங்கு எரிந்த அன்று பிற்பகலும் குழாயைத் திறக்குமுன் நீ கேட்டாய். "உள்ள இன்னா கீது?" கிடங்கு மேலாளன் சொன்னான்: "வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு தான் சார், வேற ஒண்ணும் இல்ல." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நீ தண்ணீரைத் திறக்கச் சொன்னாய்.

சென்ற கிழமை மாரி வந்தான். அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், நீ காப்பாற்றியவன். வாசற்படியைத் தாண்டாமல் நின்றான்.

"பூண்டு நாத்தம் வந்துச்சுக்கா. மாங்கா பழுக்க வைக்கிற கல்லு நனைஞ்சா வருமே, அதே நாத்தம். உன் தம்பி மோந்து பாத்தாரு. 'தண்ணிய நிறுத்து, எல்லாரும் வெளிய ஓடு'ன்னு கத்துனாரு. என் கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுனாரு. அவரு மட்டும் உள்ள மாட்டிக்கினாரு."

"இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை?"

"அந்தப் பீப்பாய்ங்கள்ல சுண்ணாம்புன்னு எழுதுனதே நான்தான்க்கா. மொதலாளி சொன்னாரு, எழுதிட்டேன்."

அறைய ஓங்கிய கையை உன் கவசத்தைப் பார்த்துத்தான் இறக்கினேன். அவன் ஒரு டப்பாவை நீட்டினான். மூடி இறுக்கமாய் அடைத்திருந்தது. அதே முதலாளியின் இன்னொரு கிடங்கில் "சுண்ணாம்பு" என்று எழுதிய பீப்பாய் ஒன்றிலிருந்து எடுத்த கல்.

அப்போதுதான் விளங்கிற்று. நீ அன்று சொன்ன கார்பைடு கல்! தண்ணீர் பட்டால் எரிவளியைக் கக்கும்; நான்கு சுவரையும் தள்ளியது அதுதான். மிஞ்சுவது சுண்ணாம்பு! தரையில் படிந்த வெள்ளை, மேலாளன் சொன்னது உண்மை என்பதற்குச் சான்றன்று. உன்னைக் கொன்ற கல்லின் எச்சம். கொலைக்கருவியே கொலைகாரனுக்குச் சான்று சொன்ன கொடுமையை எங்கே கேட்டிருக்கிறோம், செழியா?

டப்பாவை முத்திரையிட்டு வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டேன். மாரியும் சாட்சிக் கூண்டேறுகிறான். "என்னப் புழல் ஜெயிலுக்கு அனுப்புனாலும் சரிக்கா," என்கிறான். போகட்டும், ஆனால் முதலாளி இல்லாமல் தனியே போக விடமாட்டேன்.

மன்னிப்பு என்னும் சொல்லை நான் தமிழிலிருந்து கடன் வாங்கப் போவதில்லை. வழக்கு நாளில் முதலாளியும் மேலாளனும் முன்வரிசையில் இருப்பார்கள். நீதிபதியின் முன், வல்லுநர் கையால், அந்தக் கல்லின்மேல் தண்ணீர் விழும். நீ நிறுத்தச் சொன்ன தண்ணீர். ஒரே ஒரு துளி. கல் நுரைக்கும். பூண்டு நாற்றம் மன்றமெங்கும் எழும். நீ கடைசியாய் முகர்ந்ததை அவர்களும் முகர்வார்கள். மூக்கைப் பொத்த விடமாட்டேன். அறிக்கையில் உன் பெயரின்மேல் ஏறிய பழி அடித்து நீக்கப்பட்ட அன்றுதான் அம்மா உன் கவசத்தின் கரியைத் துடைப்பாள். இது என் உறுதி.

தண்ணீரைத் தப்பாய்ப் பேசி உன்னிடம் திருத்தம் பெற்ற,
உன் அக்கா.